நுனியிலிருந்து இரண்டாவது வளையம்

கீர்த்தனா போன் செய்தபோது மணிவேல் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸின் நில அளவைப் பிரிவில் உட்கார்ந்து ஒரு புலப்படத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய சிநேகிதர் இருசப்பனின் மகள். எம்.எஸ்சி. முதல் வருஷம் படிக்கிறாள். சாதாரணமாக அவருக்குப் போன் செய்கிற பெண் இல்லை. அப்பாவின் தூண்டில் ராடுக்கு வளையம் மாற்ற வேண்டும், தனக்கு அதில் ஒன்றும் தெரியாது, சாயங்காலம் தண்டராம்பட்டு ரோட்டுக் கடைக்குக் கூட வர முடியுமா சித்தப்பா என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். கோடு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அழித்தார். மறுபடி இழுத்து, மறுபடியும் அழித்தார்.

இருசப்பன் விழுந்து அன்றோடு பதினெட்டு நாள்.

அடி அண்ணாமலையில் வீட்டை ஒட்டியே இருசப்பனுக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. சுற்றுப்பட்டு ஊர்களில் கிணற்று மோட்டார் புகைந்தால் அவரிடம்தான் வரும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மணிவேல் அந்த ஊர் ஏரியை அளக்கச் சங்கிலியோடு போனபோது, கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து, எல்லைக்கல் புதருக்குள் எங்கே கிடக்கிறது என்று காட்டிக் கொடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். அதற்கப்புறம் பௌர்ணமியும் கார்த்திகையும் தவிர்த்து எந்த ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் ஏரியில்தான். மணிவேலுக்கு இருசப்பன் இரண்டு வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் மனைவி ரேணுகாம்பாள் அண்ணியாகவும், பிள்ளை கீர்த்தனா மகளாகவும் ஆகிவிட்டார்கள்.

அந்த ராடு நாலு வருஷத்துக்கு முன்னால் இருசப்பன் சென்னையில் வாங்கியது. ஏழடி நீளம், இரண்டு துண்டாகக் கழட்டிப் பைக்குள் வைக்கலாம். ரீலிலிருந்து புறப்படுகிற நூல் ஆறு வளையங்களுக்குள் புகுந்து நுனிக்குப் போகும். ரீல் பக்கத்தில் இருப்பது பெரிய வளையம். போகப் போகச் சிறுத்து, நுனியில் இருப்பது மிளகளவுதான் இருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கு உள்ளேயும் வழுவழுவென்று ஒரு பீங்கான் பட்டை. நூல் தேயாமல் ஓடுவது அந்தப் பட்டையால்தான். இருசப்பன் அதை யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார், மணிவேலைத் தவிர. மணி கையில் கொடுத்தால் கோயில் உண்டியலில் போட்ட மாதிரி என்பார்.

தீபத்துக்கு ஊருக்கு வந்திருந்தான் மணிவேலின் மச்சினன் ராமகிருஷ்ணன். அவனுக்கு மீன்பிடிக்கக் காட்ட வேண்டும் என்று அந்த ராடை வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை பைக்கில் கிளம்பினார் மணிவேல். செங்கம் ரோட்டில் கூட்டத்துக்காகப் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். சந்துக்குள் திருப்பும்போது பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பை தடுப்புக் கம்பியில் இடித்தது. சின்னச் சத்தம்தான். ஏரியில் நாலைந்து தடவை வீசிய பிறகு நூல் கரகரவென்று வந்தது. கையை வைத்துப் பார்த்தார். நுனியிலிருந்து இரண்டாவது வளையத்தில், பீங்கானில், தலைமுடி மாதிரி ஒரு விரிசல். பஞ்சைத் திரித்து ஒவ்வொரு வளையத்திலும் விட்டு இழுத்துப் பார்த்தார். மற்ற ஐந்திலும் வழுக்கிக்கொண்டு வந்த பஞ்சு, அதில் மட்டும் நார் நாராகச் சிக்கியது.

வெள்ளிக்கிழமை ராடைத் திருப்பிக் கொண்டுபோனபோது கடையில் நாலு பேர் இருந்தார்கள். இருசப்பன் தலை நிமிராமல், வீட்டுக்குள்ளே ஆணியில் மாட்டிவிடு என்றார். மாட்டினார். சொல்ல வாயெடுத்தார். இத்தனை பேர் முன்னாலா என்று விட்டுவிட்டார். ஒரு வளையம்தானே, வாங்கிவந்து நாமே மாற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரி நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்தது. உபரித் தண்ணீர் வழிகிற கலிங்கலின் பக்கச் சுவர் மேல் நின்று இருசப்பன் ஒவ்வொரு வளையத்திலும் நூலைக் கோத்தார். மூன்று கஜம் தள்ளி உட்கார்ந்து மணிவேல் தூண்டில் முள்ளில் இரை குத்திக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்னும் ஒரு நாள் தாங்கும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். எட்டு மணி வாக்கில் பெரிய கட்லா ஒன்று மாட்டியது. ராடு வில்லாக வளைந்தது. இருசப்பன் சிரித்துக்கொண்டே உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். நூல் படீரென்று அறுந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அவர் அப்படியே மல்லாந்து, சுவருக்கு அந்தப் பக்கம், கற்கள் மேல் விழுந்தார்.

தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் மணிவேல் ஆபீஸ் முடிந்து அங்கேதான் போனார். மாத்திரை வாங்கி வந்தார், பாத்திரம் கழுவினார், ராத்தங்கினார். ரேணுகாம்பாள் அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம், கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று சொன்னாள். அதைக் கேட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று ஒரு மனம் சொன்னது. சொல்லாமல் இவர் முகத்தை எப்படிப் பார்ப்பாய் என்று இன்னொரு மனம் கேட்டது. அவர் முதல் மனத்தின் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, வருஷக் கடைசி, ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று சொல்லிப் போவதையே குறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் போய்ச் சேர்ந்தபோது கீர்த்தனா கடை வாசலில் நின்றிருந்தாள். ராடின் நுனித் துண்டை ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்தாள். இன்னொரு கையில் அப்பா கடையிலிருந்து எடுத்துவந்த, கம்பி அளக்கிற வெர்னியர். பெண் இளைத்திருந்தாள்.

வலை, தூண்டில், மிதவை, நைலான் கயிறு எல்லாம் விற்கிற கடை அது. கடைக்காரர் சுப்பிரமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, நியூஸ்பேப்பர் மேல் வளையங்களைப் பரப்பினார்.

அவர் பேச்சுக்காரர். கைடு என்கிற இந்த வளையத்தை வாங்குவது செருப்பு வாங்குவது மாதிரி இல்லை, பார்வைக்கு அழகாக இருந்தால் மட்டும் போதாது என்று ஆரம்பித்தார். வெறும் ஸ்டீல் வளையம் இருக்கிறது, இடித்தாலும் உடையாது, ஆனால் பின்னல் நூல் ஓடி ஓடி அதில் பள்ளம் பறித்துவிடும், பிறகு அந்தப் பள்ளமே நூலை அறுக்கும். வெள்ளைப் பீங்கான் நல்லது, ஆனால் கனம். கறுப்புப் பட்டை வைத்தது கனமும் கம்மி, சூடும் ஏறாது. நுனிப் பக்கம் கனம் ஏறினால் ராடு தொங்கும், மீன் கடிப்பது கைக்குத் தெரியாது. வளையத்தை ராடோடு சேர்த்துக் கட்டுகிற கால் ஒன்றா இரண்டா என்றும் பார்க்க வேண்டும். பழையது ஒற்றைக் கால். அந்த இடத்தில் இரட்டைக் கால் வைத்துக் கட்டினால் நுனி விறைத்துப் போகும்.

கீர்த்தனா ஒவ்வொன்றையும் வெர்னியரில் வைத்து அளந்து, பழைய வளையத்தின் உள் அகலத்தோடும் உயரத்தோடும் ஒப்பிட்டு நோட்டில் எழுதினாள். அகலம் சரியாக இருந்தால் உயரம் அரை மில்லி குறைந்தது. குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். நூல் ராடின் மேல் அடிக்கும் என்றார் சுப்பிரமணி. அதைத் தள்ளி வைத்தாள். அடுத்ததில் பட்டை கொஞ்சம் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது. அதையும் தள்ளினாள். நகைக்கடையில்கூட இவ்வளவு பார்த்து எடுக்க மாட்டார்கள் என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை.

இவளுக்கு ஏன் இத்தனை கவலை என்று மணிவேலுக்குப் புரியவில்லை. அப்பாதான் அனுப்பினாரா என்று கேட்டார். அவள் நோட்டிலிருந்து நிமிரவில்லை.

"அப்பா எங்கிட்ட பேசறதில்ல சித்தப்பா. நான்தான் இத ஒடைச்சேன்."

சொன்னாள். அப்பா விழுவதற்கு முந்தின சனிக்கிழமை வீடு கழுவுவதற்காக ராடை ஆணியிலிருந்து எடுத்தபோது பை நிலைப்படியில் இடித்தது. பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை, மறுபடி மாட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அப்பா ராடைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார், விரிசலைக் கண்டுபிடித்தார், யார் தொட்டது என்று கேட்டார். இவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். உன் கை பட்டது எது உருப்பட்டிருக்கிறது என்றார் அப்பா. அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒன்பது நாளாக ஒரு வார்த்தை கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார். கடை மூடிக் கிடக்கிறது. அம்மா ராத்திரியில் அழுகிறாள். அதனால் தன் கையாலேயே சரி பண்ணிக் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறாள். சொல்லி முடித்ததும், கடைக்காரரிடம் ஆறு வளையத்தையும் மாற்றிவிடலாம் என்றாள். எந்த வளையத்தில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது.

சுப்பிரமணி வேண்டாம் என்றார். நன்றாக இருப்பதைப் பிரித்துக் கட்டினால் கம்புக்குத்தான் கேடு. அவள் கேட்கவில்லை. அப்பா இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார், ஆறையும் கொடுங்கள் என்றாள். அவள் குரல் ஏறியது. அவளைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் மணிவேலின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"மத்த அஞ்சும் நல்லாத்தாம்மா இருக்கு. நான் பஞ்சு விட்டுப் பாத்தேன்."

"எப்ப பாத்தீங்க?"

கலிங்கலிலிருந்து ராடைத் தூக்கி வந்தவர்கள் ஊர்க்காரர்கள். அன்றிலிருந்து அது அவர்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதற்கப்புறம் மணிவேல் அதைத் தொட்டதே இல்லை என்று அவளுக்குத் தெரியும். நோட்டை மூடிவிட்டு அவரையே பார்த்தாள். வாம்மா, வெளியே சொல்கிறேன் என்றார்.

பைக் பக்கத்தில் நின்று சொன்னார். தடுப்புக் கம்பி, கரகரத்த நூல், பஞ்சு, வெள்ளிக்கிழமை கடையில் இருந்த நாலு பேர், எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு பஸ் போயின. பேசி முடித்தபோது தன் குரல் ஆபீஸில் மனு வாசிக்கிற குரல் மாதிரி இருந்ததை அவரே உணர்ந்தார். அவள் அழுவாள், இல்லை கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒம்போது நாளா நான் எந்தப் பாத்திரத்த தொட்டாலும் அம்மா என் கையத்தான் பாக்கறாங்க," என்றாள். பிறகு, "நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்," என்றாள்.

அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கடைக்குள் போனாள். கறுப்புப் பட்டை வைத்த ஒற்றைக் கால் வளையங்களில் நாலை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பஞ்சு விட்டு இழுத்து, மூன்றாவதை எடுத்தாள். ஒன்றே ஒன்று. கட்டுகிற நூலும் பிசினும் வாங்கிக்கொண்டாள். பைக்கில் ஏற மறுத்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள். மணிவேல் ஆட்டோவுக்குப் பின்னாலேயே பைக்கை ஓட்டிக்கொண்டு போனார். முந்திப் போகவும் மனம் வரவில்லை, பின்தங்கவும் பயமாக இருந்தது. பின்தங்கினால் அப்படியே வேங்கிக்காலுக்குத் திரும்பிவிடுவார்.

இருசப்பன் முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். காலுக்குக் கீழே இரண்டு தலையணை. மணிவேலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வா மணி, வழி தெரிந்ததா என்றார். ரேணுகாம்பாள் காபி போடப் போனாள். மணிவேல் அவளையும் இருக்கச் சொன்னார். உட்காராமல் நின்றபடியே சொன்னார். ரோட்டில் சொன்னதைவிடச் சுருக்கமாகத்தான் வந்தது. விரிசல் விழுந்தது என் கையில், கீர்த்தனா இடிப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே விழுந்துவிட்டது, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இருசப்பன் கட்டில் விளிம்பைப் பிடித்துத் தலையை உயர்த்தினார். விரிசல் விழுந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றியும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழம நான் நூல் கோக்கறப்ப நீ பாத்துட்டுதான இருந்த?"

"பாத்துட்டுதான் இருந்தேன், அண்ணே."

"ரெண்டாவது வளையத்துல கோக்கறப்பவும்?"

"ஆமா."

இருசப்பன் வாசற்படியில் நின்றிருந்த மகளைப் பார்த்தார். எதை எடுத்துவந்தாய் என்று கேட்டார். ஒன்பது நாளுக்கப்புறம் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. அவள் பொட்டலத்தைப் பிரித்து வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒற்றைக் கால், உயரம் சரியாக இருக்கிறது, பட்டை கறுப்பு என்று ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அவர் விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தார். சரியாகத்தான் எடுத்திருக்கிறாய் என்றார். அந்த வார்த்தை முடிவதற்குள் அவர் வாய் கோணிவிட்டது. வளையத்தோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுவரைப் பார்த்தபடியே, "நீ கெளம்பு மணி," என்றார்.

ரேணுகாம்பாள் வாசல் வரை வந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஆஸ்பத்திரில ஒம்போது நாள் எங்க கூடவே இருந்தீங்களே தம்பி. அதுல ஒரு நாள் சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு இந்தப் பேச்சு கேட்டிருக்காது. கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க."

அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போய் மனைவி ரேவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தன் தம்பிக்கு வேடிக்கை காட்டப் போய்த்தானே இது நடந்தது என்று அவள் முதலில் தன்னையே நொந்துகொண்டாள். பிறகு, இடித்தது யார் கைக்கும் வரும், மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது உங்கள் குற்றம்தான் என்றாள்.

பொங்கல் வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மணிவேல் மாடியில் துணி உலர்த்துகிற கயிற்றைச் சரிபண்ணினார், பைக்கைத் துடைத்தார், மத்தியானத்துக்குள் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. தன்னுடைய மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஒரு நாள் ஏரிக்குக் கிளம்பினார். பாதி வழியில் திரும்பிவிட்டார். ஆபீஸில் எதையும் இரண்டு தடவை அளக்க ஆரம்பித்தார். சின்னப் பிசகு கண்ணில் பட்டாலும் உடனே தாசில்தாரிடம் எடுத்துக்கொண்டு போய் நின்றார். என்ன சார், புது ஆள் மாதிரி பண்ணுகிறீர்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் கேலி செய்தார்.

ஜனவரி கடைசியில் ஒரு காலை ரேணுகாம்பாள் போன் செய்தாள். அன்றைக்கு எக்ஸ்ரே பார்க்க டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், கூட வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, கீர்த்தனாவுக்குப் பரீட்சை, தன்னால் தனியாகத் தூக்க முடியாது என்றாள். வாங்க என்று அவள் சொல்லவில்லை. அவர் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாக்கர் பிடித்து வாசல் வரை வந்திருந்தார் இருசப்பன். தாடி வளர்ந்து கன்னம் ஒட்டியிருந்தது. மணிவேல் குனிந்து தோளைக் கொடுத்தார். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அவருடைய கனமான கை வந்து தோளில் விழுந்தது. இரண்டு பேரும் மூன்று படி இறங்கினார்கள்.

"தோள கொஞ்சம் எறக்கு," என்றார் இருசப்பன். இறக்கினார்.

எலும்பு மெதுவாகத்தான் சேர்கிறது என்றார் டாக்டர். இன்னும் ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது, சேர்ந்தாலும் கொஞ்சம் தாங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். ரேணுகாம்பாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இருசப்பன் அந்தப் படத்தைக் கையில் வாங்கி, தகட்டையும் அதில் முடுக்கியிருந்த திருகாணிகளையும் வெகு நேரம் பார்த்தார். எட்டு ஆணி என்றார், தனக்குத்தானே.

திரும்பும்போது ஆட்டோவில் காலை நீட்டி வைக்க மணிவேல் கீழே குந்தி உட்கார்ந்து அதைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார். வேகத்தடை வரும்போதெல்லாம் கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடி அண்ணாமலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருசப்பன் பேசினார்.

"பாப்பா வளையத்த கட்டிட்டா. கட்டுன நூலு ஒரு எடத்துல மேல ஏறியிருக்கு. நான் ஒண்ணும் சொல்லல."

"நல்லா இருக்கா அண்ணே?"

"இருக்கு."

மணிவேல் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார். இருசப்பன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராத," என்றார். "எனக்கு இன்னும் ஆறல மணி. உன்ன பாத்தா அந்தக் கலிங்கல்ல நீ உக்காந்திருந்ததுதான் கண்ணுல வருது. அடுத்த எக்ஸ்ரேவுக்கு வா. தூக்கறதுக்கு ஆள் வேணும்."

சரி என்றார் மணிவேல். ஆட்டோ நின்றதும் முதலில் இறங்கி, அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்தார். ரேணுகாம்பாள் முன்னால் ஓடிக் கதவைத் திறந்தாள்.